அம்பலம் ஏறும் உண்மை

கீழ்க்காணும் வாசிப்புப் பகுதியை வாசித்து, பின்வரும் நடவடிக்கைகளைச் செய்திடுக.

படிவம் நான்கில் பயிலும் மாணவி ஒருவர், 'நட்பு' என்னும் தலைப்பில் எழுதிய கட்டுரையில் பின்வரும் வாக்கியத்தை எழுதியிருந்தார்.

'என் தோழி தன் தாயாரின் நோயை எனக்கு அம்பலப்படுத்தினாள்.'

கட்டுரையைத் திருத்திய ஆசிரியர், 'அம்பலப்படுத்தினாள்' என்ற சொல்லின் கீழே சிவப்பு மையால் கோடிட்டிருந்தார். மாணவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அகராதியைப் புரட்டிப் பார்த்தார். அம்பலப்படுத்துதல் என்றால் மறைவாக உள்ளதை வெளிப்படுத்துதல் என்று பொருள் தரப்பட்டிருந்தது. தோழி, மறைவாக இருந்த ஒரு செய்தியைத்தானே வெளிப்படுத்தினாள்? அப்படியானால் பிழை எங்கே?

வாக்கிய அமைப்பில் பிழையில்லை. எழுவாய், செயப்படுபொருள், பயனிலை ஆகிய மூன்றும் முறையாகவே அமைந்துள்ளன. பிழை, சொல்லுக்குள் இருக்கிறது. அதைக் கண்டறிய, அந்தச் சொல் பிறந்த இடத்திற்கு நாம் போக வேண்டும். 'இடம்' என்று இங்கே கூறுவது உவமை அன்று. அம்பலம் என்பது உண்மையிலேயே ஓர் இடம்தான்.

அம்பலம் என்னும் இடம்

அம்பலம் என்ற சொல்லுக்குப் பலர் கூடும் பொதுவெளி, மன்றம், அவை என்று பொருள். ஊர் மக்கள் ஒன்றுகூடிப் பொதுக் காரியங்களைப் பேசவும் வழக்குகளைத் தீர்க்கவும் பயன்படுத்திய இடத்தை முன்னோர் இச்சொல்லால் குறித்தனர். தமிழகத்தின் மதுரை, சிவகங்கை வட்டாரங்களில் ஊர்த் தலைவரை 'அம்பலம்' என்றும் 'அம்பலகாரர்' என்றும் அழைக்கும் வழக்கம் உண்டு. மன்றத்தின் பெயரே அங்கு அமர்ந்து நியாயம் பேசியவரின் பெயராகவும் ஆனது.

தமிழுக்கு அண்டையில் வழங்கும் மொழிகளிலும் இச்சொல்லைக் காணலாம். மலையாளத்தில் அம்பலம் என்றால் கோயில். இலங்கையில் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறுவதற்காகச் சாலையோரங்களில் கட்டப்பட்ட மண்டபங்களைச் சிங்கள மொழியில் 'அம்பலம' என்பர். கோயில், மன்றம், தங்குமிடம் ஆகிய மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அவை எவருடைய சொந்த வீடும் அல்ல. எல்லாரும் வந்து போகக்கூடிய இடங்கள்.

சிதம்பரத்தில் நடராசர் ஆடும் அவையைப் பொன்னம்பலம் என்பர். மதுரையில் இருப்பது வெள்ளியம்பலம். நம் நாட்டிலும் பொன்னம்பலம், சிற்றம்பலம், அம்பலவாணர் போன்ற பெயர்களைத் தாத்தா தலைமுறையினரிடையே கேட்டிருப்பீர்கள். அவை அனைத்தும் இந்த அவையின் பெயரைத் தாங்கியவையே.

பொன்னம்பலம் இருக்கும் அதே கோயிலிலிருந்துதான், மறைபொருளைக் குறிக்கும் மற்றொரு தொடரும் நமக்குக் கிடைத்திருக்கிறது. எளிதில் பிறர் அறிய முடியாத செய்தியை நாம் 'சிதம்பர இரகசியம்' என்கிறோம். அங்கு, நடராசர் சன்னிதிக்கு அருகில் ஒரு திரை தொங்குகிறது. திரையை விலக்கினால் பொன்னாலான வில்வ இலை மாலைகள் மட்டுமே தெரியும்; உருவம் எதுவும் இராது. இறைவன் வெளியாக, ஆகாயமாக நிற்கிறான் என்பது அதன் பொருள். எல்லாரும் காண ஆடும் அம்பலமும், திரைக்குப் பின்னால் இருக்கும் இரகசியமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. வெளியில் வைக்க வேண்டியதற்கு ஓர் இடம், திரையிட்டுக் காக்க வேண்டியதற்கு ஓர் இடம் என இரண்டுக்கும் அங்கு இடமுண்டு.

இப்போது நம் மாணவியின் வாக்கியத்திற்கு வருவோம். அம்பலப்படுத்துதல் என்பதன் நேர்ப்பொருள், ஒன்றைப் பலர் கூடிய அவையின் நடுவே கொண்டுவந்து வைத்தல் என்பதாகும். தோழி தன் தாயாரின் நோயை ஊரார் நடுவே வைக்கவில்லை. ஒருத்தியின் காதில் மட்டும் சொன்னாள். எனவே, 'எனக்கு' என்ற சொல்லும் 'அம்பலப்படுத்தினாள்' என்ற சொல்லும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து நிற்க மாட்டா.

பிழைக்கு இன்னொரு காரணமும் உண்டு. நாளிதழ்களில் இச்சொல் வரும் இடங்களைக் கவனியுங்கள். மோசடி அம்பலமானது என்பார்கள். சூழ்ச்சி அம்பலமானது என்பார்கள். போலி மருத்துவரின் செயல் அம்பலமானது என்பார்கள். 'அவர் செய்த நன்கொடை அம்பலமானது' என்று யாரும் எழுதுவதில்லை. அம்பலம் என்னும் பெயர்ச்சொல்லில் குற்றத்தின் சாயல் இல்லை. அம்பலப்படுத்து என்னும் வினைச்சொல்லிலோ அது படிந்துவிட்டது. மறைத்தவர் தவறு செய்தார் என்ற தீர்ப்பு அச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆகவே, நோயை அம்பலப்படுத்தினாள் என்று எழுதினால், நோயுற்ற தாயார் ஏதோ குற்றம் செய்து மறைத்துவிட்டார் என்ற பொருள் தொனிக்கும். மாணவி அவ்வாறு எண்ணவில்லை. ஆனால், அவர் தேர்ந்தெடுத்த சொல் அவ்வாறு சொல்லிவிட்டது.

ஒரே செயலுக்குப் பல சொற்கள்

தெரியாத ஒன்றைத் தெரியச் செய்யும் செயலுக்குத் தமிழில் பல சொற்கள் உள்ளன. அவை ஒரு பொருள் தருவனபோல் தோன்றும். ஆனால், யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எதற்காகச் சொல்கிறார் என்பவற்றைப் பொறுத்து அவை வேறுபடுகின்றன.

தெரிவித்தல் என்பது, அறிய வேண்டியவரிடம் செய்தியைச் சேர்த்தல். 'காய்ச்சல் காரணமாக வர இயலாது என்று வகுப்பாசிரியரிடம் தெரிவித்தான்' என்று எழுதுகிறோம்.

அறிவித்தல் என்பது, பொறுப்பில் உள்ளவர் பலருக்கும் முறையாகச் சொல்லுதல். 'பள்ளி விளையாட்டுப் போட்டி ஒத்திவைக்கப்பட்டதாகத் தலைமையாசிரியர் அறிவித்தார்.' முன்பு இதனைப் பறையறைந்து ஊருக்குச் சொன்னதால் 'பறைசாற்றுதல்' என்ற சொல்லும் தோன்றியது.

வெளியிடுதல் என்பது, உரிய காலம் வந்ததும் ஒன்றைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டு வருதல். தேர்வு முடிவை வெளியிடுவர், நூலை வெளியிடுவர். அதுவரை அது மறைவாக இருந்தது குற்றம் அன்று. அதற்கான காலம் வரவில்லை, அவ்வளவே.

வெளிப்படுத்துதல் என்பது பெரும்பாலும் உள்ளத்தில் இருப்பதைக் காட்டுதல். மகிழ்ச்சியை, எதிர்ப்பை, திறமையை நாம் வெளிப்படுத்துகிறோம்.

கசிதல் என்பது, வெளியே வரக் கூடாதது, யார் கொண்டு வந்தார் என்று தெரியாமலேயே வெளியே வந்துவிடுதல். பானையிலிருந்து நீர் கசிவதுபோல் வினாத்தாளும் கசிகிறது. நம் நாட்டு மலாய்மொழியிலும் ஒழுகும் குழாய்க்கும் வெளியான இரகசியத்திற்கும் 'போச்சோர்' என்ற ஒரே சொல்தான் வழங்குகிறது.

காட்டிக்கொடுத்தல் என்பது, நம்பியவரைப் பகைவரிடம் அகப்படச் செய்தல். இச்சொல்லில் துரோகத்தின் கசப்பு உண்டு.

பேச்சுவழக்கிலும் இத்தகைய தொடர்களுக்குக் குறைவில்லை. நெடுநாள் மறைத்த செய்தி தெரிந்துவிட்டால், குட்டு வெளிப்பட்டது என்கிறோம். நல்லவராக நடித்தவரின் உண்மை முகம் தெரிந்தால், சாயம் வெளுத்துவிட்டது என்கிறோம். நடந்ததை ஒன்றுவிடாமல் விவரித்தால், புட்டுப் புட்டு வைத்தான் என்கிறோம். யாவரும் அறிந்த ஒன்றை மறைக்க முயல்பவரைப் பார்த்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா என்று கேட்கிறோம்.

அம்பலத்தைச் சுற்றியும் பழமொழிகள் உண்டு. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பது அவற்றுள் ஒன்று. எளியவரின் பேச்சு அவையில் எடுபடாது என்பது அதன் பொருள். 'அம்பலத்தில் ஏறும் பேச்சை அடக்கம் பண்ணப் பார்க்கிறான்' என்பது மற்றொன்று. பலரும் அறிய வேண்டிய செய்தியை மூடி மறைக்க முயல்பவனை இது சுட்டுகிறது. இவ்விரு பழமொழிகளையும் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் இரு நிகழ்வுகளை வாசித்திடுக. ஒன்று காப்பியத்தில் நிகழ்ந்தது. மற்றொன்று வரலாற்றில் நிகழ்ந்தது.

அவைக்கு வந்த சிலம்பு

இளங்கோவடிகள் இயற்றிய சிலப்பதிகாரத்தில், வாழ்விழந்த கோவலன் தன் மனைவி கண்ணகியின் காற்சிலம்பு ஒன்றை விற்கப் பொருள்வளம் மிக்க மதுரை நகருக்கு வருகிறான். அரண்மனைப் பொற்கொல்லன் ஒருவன் அவனைச் சந்திக்கிறான். அரசியின் சிலம்பைத் திருடியவன் அந்தப் பொற்கொல்லனே. தன் திருட்டு வெளிப்படாமல் இருக்க, கோவலன்மீது அப்பழியைச் சுமத்துகிறான். பாண்டியன் நெடுஞ்செழியன் ஆராய்ந்து பாராமல் ஆணையிட, கோவலன் கொல்லப்படுகிறான்.

கண்ணகியிடம் எஞ்சியிருந்தது மற்றொரு சிலம்பு மட்டுமே. அவளுக்கு அந்நகரில் உறவினர் இல்லை, செல்வமும் இல்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்ற பழமொழிக்கு அவளைவிடப் பொருத்தமானவர் இருக்க முடியாது. ஆயினும், அவள் தெருவில் நின்று அழுததோடு நிற்கவில்லை. வழக்கைக் கேட்க வேண்டியவன் அரசன் என்பதை உணர்ந்து, நேரே அரசவைக்குச் சென்றாள்.

அவையில் அவள் வாதம் மிகச் சுருக்கமானது. தன் சிலம்பின் உள்ளே இருப்பவை மாணிக்கப் பரல்கள் என்றாள். அரசியின் சிலம்பில் இருப்பவை முத்துப் பரல்கள் என்றான் அரசன். கோவலனிடமிருந்து கைப்பற்றிய சிலம்பு கொண்டுவரப்பட்டது. கண்ணகி அதனை எல்லாரும் காண உடைத்தாள். உள்ளிருந்து மாணிக்கம் தெறித்தது.

அம்பலப்படுத்துதல் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது. உண்மை, சிலம்பின் உள்ளே மறைந்திருந்தது. அவையின் நடுவே அது வெளிவந்தது. சான்று அனைவர் கண்முன்னும் இருந்தது. குற்றம் சாட்டப்பட்ட அரசனும் அங்கேயே இருந்தான். மறுமொழி கூற அவனுக்கு வாய்ப்பும் இருந்தது. அவதூறு பரப்புவதற்கும் அம்பலப்படுத்துவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. அவதூறு சான்றில்லாமல், எதிராளி இல்லாத இடத்தில் பேசும். அம்பலத்தில் வைக்கப்படும் சொல்லோ, சான்றோடு வந்து மறுமொழியையும் எதிர்கொள்ளும்.

மினமாட்டாவில் மறைக்கப்பட்ட ஆய்வு

ஜப்பானின் கியூஷு தீவில் குமாமோத்தோ மாநிலத்தில் மினமாட்டா என்னும் கடலோர நகரம் உள்ளது. அங்கு, சிஸ்ஸோ என்னும் நிறுவனத்தின் வேதிப்பொருள் தொழிற்சாலை இயங்கி வந்தது. அதன் கழிவுநீர் கடலில் கலந்தது.

1950-ஆம் ஆண்டுகளில் அந்நகரின் பூனைகள் தள்ளாடித் துள்ளி விழுந்து இறந்தன. பின்னர், மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்குக் கைகால் மரத்துப் போயிற்று, பேச்சுக் குழறியது, பார்வை குறுகியது. தொழிற்சாலை மருத்துவமனையின் தலைமை மருத்துவராக இருந்தவர் ஹொசோகாவா ஹஜிமே. 1956-ஆம் ஆண்டு மே முதல் நாள், காரணம் அறியப்படாத நரம்பு நோய் ஒன்று பரவி வருவதாக உள்ளூர்ச் சுகாதார அலுவலகத்திற்குத் தகவல் தெரிவிக்கப்பட்டது. மினமாட்டா நோய் அதிகாரப்பூர்வமாகக் கண்டறியப்பட்ட நாளாக அந்நாளே கருதப்படுகிறது.

1959-ஆம் ஆண்டு, ஹொசோகாவா ஓர் ஆய்வு செய்தார். தொழிற்சாலைக் கழிவுநீரைக் கலந்த உணவை ஒரு பூனைக்குக் கொடுத்துவந்தார். அப்பூனையின் எண் 400. சில மாதங்களில் அதற்கும் அதே நோய் கண்டது. காரணம் தெரிந்துவிட்டது. ஆனால், நிறுவனம் அம்முடிவை வெளியிட விடவில்லை. அம்பலத்தில் ஏற வேண்டிய பேச்சு அடக்கம் செய்யப்பட்டது. மருத்துவரும் அதனைப் பொதுவில் கூறவில்லை. அவர் அந்நிறுவனத்தின் ஊழியர். அவர் சோதித்த நோயாளிகளோ அந்நிறுவனத்தின் கழிவால் பாதிக்கப்பட்டவர்கள். இரண்டுக்கும் இடையில் அவர் நின்றார்.

மறைத்ததனால் நேர்ந்தது என்ன? நச்சுக் கழிவு தொடர்ந்து கடலில் கலந்தது. மீனவர் தொடர்ந்து மீன் பிடித்தனர். மக்கள் தொடர்ந்து உண்டனர். பாதரசத்தை வெளியேற்றிய அந்த உற்பத்தி 1968-ஆம் ஆண்டில்தான் நிறுத்தப்பட்டது. தொழிற்சாலைக் கழிவில் இருந்த மெத்தில் பாதரசமே நோய்க்குக் காரணம் என்று ஜப்பானிய அரசு அதே ஆண்டில் அறிவித்தது. பூனை எண் 400 நோயுற்றதற்கும் அந்த அறிவிப்புக்கும் இடையே ஒன்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

நோயாளிகளின் குடும்பங்கள் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தன. 1970-ஆம் ஆண்டு, ஹொசோகாவா புற்றுநோயால் பாதிக்கப்பட்டு மருத்துவமனைப் படுக்கையில் இருந்தார். அந்த நிலையில், பூனை எண் 400 பற்றிய உண்மையை அவர் வழக்கிற்குச் சாட்சியமாகக் கூறினார். அதே ஆண்டில் அவர் மறைந்தார். 1973-ஆம் ஆண்டு மார்ச் மாதம், நீதிமன்றம் நோயாளிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வழங்கியது.

இந்நிகழ்வில் வரும் வினைச்சொற்களைச் சற்று உற்றுநோக்குங்கள். 1956-இல் நோய் பற்றித் தெரிவிக்கப்பட்டது. 1959-இல் ஆய்வு முடிவு மறைக்கப்பட்டது. 1968-இல் காரணம் அறிவிக்கப்பட்டது. 1970-இல் மறைப்பு அம்பலமானது. ஒவ்வொரு சொல்லும் ஒரு செயலைக் குறிக்கிறது. ஒவ்வொரு செயலுக்கும் பின்னால் மனித உயிர்கள் இருக்கின்றன. தாமதமாக வந்த உண்மை நீதியைத் தந்தது. ஆனால், இடைப்பட்ட ஆண்டுகளில் நோயுற்றவர்களுக்கு அது நலத்தைத் திருப்பித் தரவில்லை.

சொல்லும் இலக்கணமும்

அம்பலமாகு என்பது தன்வினை. அம்பலமாக்கு, அம்பலப்படுத்து என்பவை பிறவினைகள். 'ஊழியர் மோசடியை அம்பலப்படுத்தினார்' என்ற வாக்கியத்தில், செய்தவர் யார் என்று தெரிகிறது. 'மோசடி அம்பலமானது' என்ற வாக்கியத்தில் அது தெரியவில்லை.

இந்த வேறுபாடு தேர்வுக்கு மட்டும் உரியது அன்று. உண்மையைச் சொன்னவரின் பெயர் தெரிந்தால் அவருக்கு வேலை பறிபோகலாம், மிரட்டல் வரலாம். எனவேதான் பொறுப்புள்ள செய்தியாளர் பல வேளைகளில் தன்வினையைத் தேர்ந்தெடுக்கிறார். உண்மை வெளிவருகிறது, சொன்னவர் மறைவாகவே இருக்கிறார்.

இலக்கணம் செய்யும் இதே பணியைச் சட்டமும் செய்கிறது. மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு, தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. முறைகேடு பற்றி அமலாக்க நிறுவனத்திடம் தகவல் அளிப்பவரின் அடையாளத்தை அச்சட்டம் காக்கிறது. அவர்மீது வழக்குத் தொடுப்பதையும் அவரைப் பழிவாங்குவதையும் தடுக்க வழிவகுக்கிறது. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்பாதுகாப்பு, அமலாக்க நிறுவனத்திடம் கூறுபவருக்கே உரியது. சமூக ஊடகத்தில் பதிவேற்றுபவருக்கு இச்சட்டம் அவ்வாறு துணை நிற்பதில்லை. எதைச் சொல்கிறோம் என்பதோடு, எந்த அவையில் சொல்கிறோம் என்பதையும் சட்டம் கேட்கிறது.

அதே 2010-ஆம் ஆண்டில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. அது 2013-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நடைமுறைக்கு வந்தது. வாணிபம் செய்யும் நிறுவனங்கள் தாம் திரட்டும் தனிநபர் தகவல்களை எவ்வாறு கையாள வேண்டும் என்பதை அச்சட்டம் வரையறுக்கிறது. ஒரு சட்டம், வெளியே வர வேண்டிய உண்மைக்கு வழி திறக்கிறது. மற்றொன்று, உள்ளே இருக்க வேண்டிய தகவலுக்குக் கதவிடுகிறது. பொன்னம்பலமும் திரையும் ஒரே கோயிலில் இருப்பதுபோல், இவ்விரு சட்டங்களும் ஒரே நாட்டில் இருக்கின்றன.

எது அம்பலத்திற்கு உரியது?

இன்று ஒவ்வொருவர் கையிலும் ஓர் அம்பலம் இருக்கிறது. கைப்பேசியைத்தான் கூறுகிறோம். முன்பு ஒரு செய்தியை ஊரார் நடுவே வைக்க, அவை கூட வேண்டும். எழுந்து பேசத் துணிவு வேண்டும். கேள்வி கேட்பாருக்கு மறுமொழி சொல்ல வேண்டும். இன்று புலனத்தில் வந்த ஓர் உரையாடலைத் திரையோடு படம் பிடித்து வகுப்புக் குழுவில் அனுப்பச் சில விநாடிகள் போதும். தோழன் உங்களை நம்பி எழுதிய அச்சம், குடும்பத் துயரம், தேர்வில் பெற்ற குறைந்த புள்ளி ஆகியவை நாற்பது பேர் கண்முன் வந்துவிடும். அனுப்பியவர் அதனை வேடிக்கை என்பார். அழித்துவிட்டேன் என்றும் சொல்வார். ஆனால், பார்த்தவர் நினைவிலிருந்து அதனை அழிக்க முடியாது.

திருவள்ளுவர் இத்தகையோரைக் கயமை என்னும் அதிகாரத்தில் வைத்துப் பேசுகிறார். தாம் கேட்ட மறைபொருளைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்வதால், கயவர் அடிக்கப்படும் பறைக்கு ஒப்பாவர் என்பது அவர் கருத்து. பறைக்குத் தனக்கென ஒரு செய்தி இல்லை. யார் அடித்தாலும் அது ஒலிக்கும். யார் கேட்கிறார் என்றும் பார்க்காது.

அப்படியானால், கேட்டதை எல்லாம் உள்ளுக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்வதுதான் நல்ல நட்பா? அதுவும் இல்லை. உங்கள் வகுப்புத் தோழன் ஒருவனை மூத்த மாணவர் சிலர் நாள்தோறும் அடித்துப் பணம் பறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவன் தன் கையிலுள்ள காயத்தை உங்களிடம் காட்டி, 'யாரிடமும் சொல்லாதே' என்று கெஞ்சுகிறான். நீங்கள் என்ன செய்வீர்கள்?

வாக்குக் கொடுத்தோம் என்று மௌனமாக இருந்தால், மினமாட்டாவில் நடந்ததுதான் இங்கும் நடக்கும். ஒவ்வொரு நாள் மௌனமும் அவனுக்கு இன்னொரு காயமாகும். மாறாக, அவன் காயத்தைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் பதிவேற்றினால், அடித்தவர்களோடு சேர்ந்து அவனும் ஊர் வாயில் விழுவான். அவன் அஞ்சியது எதுவோ, அது நம் கையாலேயே நடந்துவிடும்.

மறைத்தலுக்கும் அம்பலப்படுத்துதலுக்கும் இடையே மூன்றாவது சொல் ஒன்று இருப்பதை நாம் மறந்துவிடுகிறோம். தெரிவித்தல் என்பதே அது. அவனுடைய பெற்றோரிடமோ, பள்ளி ஆலோசகரிடமோ, கட்டொழுங்கு ஆசிரியரிடமோ தெரிவிக்கலாம். பகடிவதையும் துன்புறுத்தலும் வீட்டிலோ வெளியிலோ நிகழ்ந்தால், 15999 என்னும் தாலியான் காசே எண்ணுக்கு அழைக்கலாம். தெரிவிப்பதற்கு முன், 'இதை நான் மறைக்க முடியாது. உதவக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்லப் போகிறேன். நீயும் என்னோடு வா' என்று அவனிடமே கூறலாம். அவன் சினங்கொள்ளலாம். சில நாள் பேசாமலும் இருக்கலாம். ஆனால், அது காட்டிக்கொடுத்தல் ஆகாது. காட்டிக்கொடுப்பவர் நண்பனைத் துன்பத்தில் சிக்க வைப்பார். தெரிவிப்பவர் துன்பத்திலிருந்து அவனை மீட்பார்.

ஆகவே, நமக்குத் தெரிந்த ஒரு மறைபொருளைச் சொல்ல வாயெடுக்கும் முன், அது யாருடையது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். நோய், வறுமை, அச்சம், அழுகை போன்றவை அவற்றை அனுபவிப்பவருக்கே சொந்தம். அவற்றை வெளியில் கூறும் உரிமையும் அவருக்கே உண்டு. பிறருக்குத் தீங்கு இழைத்துவிட்டு அதனை மறைப்பவரோ, அம்மறைப்பைத் தம் சொந்த உடைமை என்று கூற முடியாது. அதனால் பாதிக்கப்படும் அனைவருக்கும் அதனை அறியும் உரிமை உண்டு. அதுவே அம்பலத்திற்கு உரியது. அப்போதும்கூட, சான்று கையில் உள்ளதா, கேட்க வேண்டியவர் கேட்கும் இடம் இதுதானா என்று ஆராய்ந்த பின்னரே பேச வேண்டும்.

தொடக்கத்தில் நாம் கண்ட மாணவி, தம் வாக்கியத்தைத் திருத்தி எழுதினார். 'அம்பலப்படுத்தினாள்' என்பதை அடித்துவிட்டு, முதலில் 'தெரிவித்தாள்' என்று எழுதினார். அதுவும் அவருக்கு நிறைவு தரவில்லை. அலுவலகக் கடிதம்போல் இருந்தது. சற்று நேரம் சிந்தித்தபின், பின்வருமாறு எழுதினார்.

'என் தோழி தன் தாயாரின் நோயைப் பற்றி என்னிடம் மனந்திறந்து சொன்னாள்.'

ஆசிரியர் அந்த வாக்கியத்தின் ஓரத்தில் சரி என்று குறியிட்டார். தோழியின் பெயரை மாணவி கட்டுரையில் எங்கும் குறிப்பிடவில்லை என்பதையும் ஆசிரியர் அப்போது கவனித்தார்.

சொற்பொருள்

அவதூறு – சான்றில்லாமல் ஒருவர்மீது கூறப்படும் பழி
குட்டு – மறைத்து வைத்த செய்தி
பரல் – சிலம்பின் உள்ளே ஒலிப்பதற்காக இடப்படும் மணி
பறை – தோற்கருவி. செய்தி அறிவிக்கப் பயன்பட்ட முரசு
பகடிவதை – கேலியாலோ வன்முறையாலோ பிறரைத் துன்புறுத்துதல்
மறைபொருள் – பிறர் அறியாமல் காக்கப்படும் செய்தி

நடவடிக்கை 1: கருத்துணர் வினாக்கள்

1. அம்பலம் என்னும் சொல் முதலில் எதனைக் குறித்தது?
2. 'என் தோழி தன் தாயாரின் நோயை எனக்கு அம்பலப்படுத்தினாள்' என்னும் வாக்கியம் பிழையானது என்பதற்குக் கட்டுரையாளர் கூறும் காரணங்கள் இரண்டனை எழுதுக.
3. கண்ணகி அவையில் வழக்குரைத்த முறை அவதூறிலிருந்து எவ்வாறு வேறுபடுகிறது?
4. ஆய்வு முடிவு மறைக்கப்பட்டதால் மினமாட்டாவில் ஏற்பட்ட விளைவுகளை விளக்குக.
5. 2010-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இரு சட்டங்களும் ஒன்றுக்கொன்று முரணானவையா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

நடவடிக்கை 2: மொழிப்பயிற்சி

அடைப்புக்குறிக்குள் உள்ள சொற்களுள் பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்து வாக்கியத்தை நிறைவு செய்க.

1. தேர்வு முடிவுகளைக் கல்வி அமைச்சு நேற்று ________. (கசிந்தது / வெளியிட்டது / காட்டிக்கொடுத்தது)
2. நடுவரின் தீர்ப்புக்கு விளையாட்டாளர்கள் தங்கள் அதிருப்தியை ________. (அம்பலப்படுத்தினர் / வெளிப்படுத்தினர் / பறைசாற்றினர்)
3. போலிச் சான்றிதழ் விற்ற கும்பலின் மோசடி ________. (அம்பலமானது / அறிவித்தது / மனந்திறந்தது)
4. பேருந்து பழுதானதால் தாமதமாக வருவேன் என்று அக்காவிடம் ________. (காட்டிக்கொடுத்தேன் / தெரிவித்தேன் / வெளியிட்டேன்)

நடவடிக்கை 3: கலந்துரையாடல்

பின்வரும் சூழலைக் குழுவில் கலந்துரையாடுக. நீங்கள் என்ன செய்வீர்கள் என்பதை வகுப்பில் படைத்திடுக.

உங்கள் நெருங்கிய நண்பர், பள்ளி உணவகப் பணப்பெட்டியிலிருந்து பணம் எடுத்ததை உங்களிடம் ஒப்புக்கொள்கிறார். வேறொரு மாணவர்மீது பழி விழுந்துள்ளது. மறைத்தல், அம்பலப்படுத்துதல், தெரிவித்தல், காட்டிக்கொடுத்தல் ஆகிய சொற்களைப் பயன்படுத்தி உங்கள் முடிவை விளக்குக.